புக்கா என்றால் இரண்டு அர்த்தம்

சமையலறை சிங்கின் மேலிருக்கும் பைப்பு ஒழுகத் தொடங்கியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வெளியே காட்ட முடியுமா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஏங்க, சிங்க் பைப்பு போச்சு, ஆளக் கூப்பிடணும்" என்றேன்.

எந்த ஆள் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். என் தம்பி ஒன்றரை மணி நேரத் தூரத்தில், கலும்பாங் என்கிற ஊரில் பைப்பு வேலை செய்கிறான். எங்கள் மகள் கல்யாணத்தன்று மண்டபத்தில் தண்ணீர் நின்றுபோனது. அவன் சாமானை எடுத்துக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இவர் சம்பந்தி வீட்டார் முன்னால், "வேலைக்காரன்னா நேரத்துக்கு வரணும்" என்று ஒரு வார்த்தையை விட்டார். பெண்ணின் தாய்மாமனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? தம்பி தண்ணீரை வரவைத்துவிட்டு, "இனிமே உங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன்க்கா" என்று சொல்லி, பந்தியில் உட்காராமலே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. எனக்கு இருப்பது ஒரே தம்பி. இரண்டு கிறிஸ்துமஸும் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பைப்பு ஒழுகினால் அவனைக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். இவரோ, "ஆளு எதுக்கு? நானே கழட்டுறேன் லா" என்றார்.

இவர் தோட்டத்து ஆபீஸில் முப்பது வருஷம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். பேனாவைத் தவிர வேறொன்றைப் பிடித்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, அசாம் ஜாவாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்பானரோடு சிங்குக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். வயிறு மட்டும் வெளியே தெரிந்தது.

"நீ தண்ணி மீட்டர்கிட்ட போயி மெயின மூடு. அங்கேயே நில்லு. நான் சொன்னா தொற."

மூடினேன். வெயிலில் கேட் பக்கத்தில் நின்றேன். பைப்புக்குத் தண்ணீர் வரும் குழாயை மட்டும் எப்படியோ கழற்றிவிட்டார். பைப்பைப் பிடித்திருந்த நட்டு அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயை அடித்தார், சுத்தியலால் தட்டினார், மாதாவைக் கூப்பிட்டார், பிறகு மாதா காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளையும் சொன்னார். முக்கால் மணி நேரம் போனது. பக்கத்து வீட்டு ஜாவாக்காரர், மலாய் மட்டும் பேசுகிற பழைய லோரி டிரைவர், சத்தம் தாங்காமல் உதவிக்கு வந்துவிட்டார். மேலேயிருந்து அவர் பைப்பைப் பிடித்துத் திருக, கீழேயிருந்து இவர் திருக, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் இளகிடுச்சு!" என்று இவர் கத்தியது கேட் வரைக்கும் கேட்டது. ஐயோ, கழற்றிவிடுவார் போலிருக்கிறதே! கழற்றிவிட்டால் அடுத்த கிறிஸ்துமஸும் போச்சு.

அப்போதுதான் இவர் அண்டை வீட்டுக்காரரை அண்ணே என்று கூப்பிட்டு மலாயில், "புக்கா, பாங்! புக்கா!" என்றார்.

மலாயில் கதவைத் திறப்பதும் புக்கா, செருப்பைக் கழற்றுவதும் புக்கா. பைப்பைக் கழற்றச் சொல்கிறார் என்று எனக்குப் புரியாமலா? தமிழ்ப்பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் மலாய் பாடம் எடுத்தவள் நான். ஆனால் இவர் என்ன சொல்லியிருந்தார்? நான் சொன்னா தொற. சொல்லிவிட்டாரே! ஒரு தடவையா, இரண்டு தடவை. புருஷன் பேச்சைத் தட்டலாமா?

திறந்தேன். முழுசாகத் திறந்தேன்.

உள்ளே இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரே சுருதியில் அலறினார்கள். பத்து எண்ணிவிட்டு மூடினேன். போய்ப் பார்த்தால் அடுக்களை முழுக்கத் தண்ணீர். பதற்றத்தில் இவர் ஸ்பானரை உதறியதில் சுவரிலிருந்து வரும் குழாயின் வாயும் உடைந்திருந்தது. பைப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"யாரு உன்னத் தொறக்கச் சொன்னா?"

"நீங்கதான் புக்கா புக்கான்னு கத்துனீங்க."

இவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டவுனில் இருக்கும் வேறொரு பைப்பு ஆளுக்குப் போன் போட்டார், அவன் செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றான். அதுவரைக்கும் மெயினைத் திறக்க முடியாது. அண்டை வீட்டுக்காரர் சட்டையைப் பிழிந்துகொண்டே, உங்கள் மனைவியின் தம்பி பைப்புக்காரர்தானே என்று வெள்ளந்தியாகக் கேட்டார். அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

இவர் தரையைப் பார்த்தபடி, "கூப்பிடு" என்றார்.

ஒன்றரை மணி நேரத்தில் தம்பி வந்தான். என்னைத் தாண்டி நேராக அடுக்களைக்குப் போனான். நீளக் கை வைத்த ஒரு ஸ்பானரோடு அடியில் நுழைந்தான். அரை நிமிஷத்தில் பைப்பு கையோடு வந்துவிட்டது. என்னை மட்டும் கிட்டே கூப்பிட்டு, "அக்கா, மாமா இவ்ளோ நேரமும் டைட் பண்ணியிருக்காரு. சொல்லிடாத, வருத்தப்படுவாரு" என்று காதோடு சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தப் பிள்ளையைத்தானே வேலைக்காரன் என்றார்!

உடைந்த குழாயை மாற்றி, புதுப் பைப்பைப் பூட்டித் தண்ணீரைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தான். அடுக்களை வாசலில் நின்றிருந்த இவர் அவனைப் பார்க்காமல் என்னிடம், "அவன் கைதான் நனைஞ்சுபோச்சே. சோத்தப் போடு" என்றார். தம்பி ஸ்பானரைத் துடைத்துப் பையில் வைத்தான். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்தான். காலையில் வைத்த கோழிக் குழம்பு. இரண்டு தடவை போட்டுக்கொண்டான். இவரே எழுந்து மூன்றாவது தடவை ஊற்றினார்.

நான் வேண்டுமென்றே திறந்தேன் என்பதை இன்றுவரை இவரிடம் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லவில்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்ல?

அடுத்த சனிக்கிழமை இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "குளியலறை பைப்பும் ஒழுகுது போல. நாளைக்கு உன் தம்பிய வரச் சொல்லு" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.