குடியிருப்பு உண்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். முத்து முத்தாக இருக்கிறது என்று எத்தனையோ அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தால் எனக்கு வேலை கிடைத்தது, பிரமோஷன் கிடைத்தது, பெண்கூட அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அதே கையெழுத்தால் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் மென்று முழுங்கினது போதும்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி முடிகிற சமயத்தில் எண்ணூர்ப் பக்கம் புயல் அடித்தது. ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஓடு நாலு பறந்தது, அவ்வளவுதான். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்களில் குடிசை என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழித் தண்ணீர், இரண்டும் கைகோத்துக்கொண்டு வாரிப் போய்விட்டன. ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். அப்புறம் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. வீடு முழுக்கப் போனவர்கள் பக்கத்து ஊரில் வாடகைக்கு இடம் பார்த்துக்கொள்ளலாம், ஆறு மாத வாடகையைச் சர்க்கார் கொடுக்கும். வீடு பாதி நிற்பவர்களுக்கும், பழைய இடத்திலேயே குடியிருப்பவர்களுக்கும் வாடகை இல்லை. கொஞ்சம் கீற்றும் மூங்கிலும் தருவார்கள். படித்துப் பார்த்தபோது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

யார் எந்த ரகம் என்று நேரில் பார்த்து முடிவு செய்ய ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கிளம்பினார். கூடவே எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. தாலுக்கா ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாவாக நான் சேர்ந்து நாலு மாதம்தான். வயது இருபத்திரண்டு. கையெழுத்தைப் பார்த்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்.

ஆபீசில் என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கிறார் என்று சொல்லியிருந்தேன். அது உண்மை. அம்மா அதே முகத்துவாரத்துக் குப்பத்தில் பிறந்தவள் என்பதை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மாவின் அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்கு அங்கே போக்குவரத்தும் இல்லை. குப்பத்து ஆள் மனு கொடுக்க வந்துவிட்டுப் போனால், உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்கிற ஆபீஸ் அது. பியூன் கழுவுவான், நானும் மற்றவர்களோடு சேர்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்வேன். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

நாங்கள் போன அன்று வெயில் லேசாக அடித்தது. கரையில் வீடு இருந்த தடமே இல்லை. ஆனால் வெறும் மணலில் அங்கங்கே நாலு கழி நட்டிருந்தது. கழிகளுக்கு நடுவில் மூன்று கல், கல்லின் மேல் சட்டி, சட்டிக்குக் கீழே புகை. பெண்கள் குந்திக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. குப்பத்தில் யாருக்கும் பட்டா கிடையாது, கரை முழுக்கப் புறம்போக்கு. எந்த மனை யாருடையது என்பதற்கு அவர்களுடைய ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புக்கொள்கிற ஒரே சாட்சி அடுப்புத்தான். காற்றிலோ தண்ணீரிலோ வீடு போய்விட்டால், அந்த வீட்டுப் பெண் எங்கே ஒண்டிக்கொண்டிருந்தாலும் தினம் ஒரு வேளை வந்து தன் மனையில் அடுப்பு மூட்ட வேண்டும். சோறு வெந்தாலும் சரி, வெறும் தண்ணீர் கொதித்தாலும் சரி, புகை தெரிய வேண்டும். மூன்று நாள் புகை தெரியாத மனையில் வேறு யார் வேண்டுமானாலும் கழி நடலாம். அம்மா சிறு பெண்ணாக இருந்தபோது ஒரு புயலுக்கு அப்புறம் இப்படி வெட்டவெளியில் உட்கார்ந்து தண்ணீர் காய்ச்சியதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஆக, அந்தக் கரையில் அடுப்புப் புகைந்தால் அங்கே வீடு இல்லை என்று அர்த்தம். வீடு இருக்கிறவள் எதற்கு வெயிலில் குந்தி ஊதப்போகிறாள்?

முதல் மனையிலேயே ஓர் அம்மாளைப் பார்த்தோம். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர், வாடகைக்கு இடம் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டார்.

“பாத்துட்டேன் ஐயா. திருவொத்தியூர்ல மளிகைக்கடைக்காரரு பின்கட்டு ரூமு ஒண்ணு தரேன்னுகீறாரு. மாசம் பொறக்கறதுக்குள்ள வந்துடுன்னாரு. ஓட்டு வூடு ஐயா, கதவு கீது” என்றாள்.

எதற்குக் கதவைச் சொல்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவள் விவரமாகச் சொன்னாள். புயலன்று கட்டுமரத்தைக் கரைக்கு இழுக்கும்போது அலை தூக்கிப் போட்டதில் மரம் புருஷன் நெஞ்சில் இடித்துவிட்டது. அன்றிலிருந்து காய்ச்சல், இருமினால் ரத்தம். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். “ஈரத்துல போடாத, காத்து படாத எடமா பாத்து வையி, இல்லாட்டி ஆளு தேற மாட்டான்னு டாக்டரு பட்டுனு சொல்லிட்டாரு ஐயா. இப்ப இஸ்கூல் தாவாரத்துல படுத்துகினு கீறாரு. நாலா பக்கமும் காத்து” என்றாள்.

“சரி, இங்கே சமைக்கிறாயே, இது யார் வீடு?”

“எங்க வூடுதான் ஐயா.”

“அப்படியென்றால் நீ இங்கேயேதான் இருக்கிறாயா?”

“ஆமா ஐயா! எங்கியும் போவல. எங்க மாமியா காலத்துலேந்து இந்த மனையிலதான் கீறோம். இன்னிக்கும் எங்க அடுப்புதான் எரியுது, நல்லா பாத்துக்கோ.”

பக்கத்து மனைக்காரிகளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னாள். சொல்லும்போது அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். சர்க்கார் ஆள் வந்து கேட்கும்போது இது என் மனை என்று அடித்துச் சொல்லாவிட்டால், நாளைக்கு மனையே போய்விடும் என்பது அவள் கணக்கு. அந்தக் கரையில் பிறந்த எவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அவர் தெற்கே வயற்காட்டு ஊர்க்காரர், கடலையே அந்த வருஷம்தான் பக்கத்தில் பார்த்தார். குழம்பிப்போய் என் பக்கம் திரும்பினார். “வாடகையும் வேணுங்கறா, இங்கேயே இருக்கேன்னும் சொல்றா. இது ஏதாவது இவங்க வழக்கமாப்பா? நீ இந்தப் பக்கத்துப் பிள்ளையாச்சே, உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சொல்லியிருந்தால் சொன்னபடி எழுதச் சொல்லியிருப்பார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்று வரும். அம்மா வருவாள், குப்பம் வரும், பெஞ்சைக் கழுவுகிற தண்ணீர் வரும்.

“தெரியாது சார்” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு எழுதச் சொன்னார். அப்போதெல்லாம் ஆபீசில் எல்லாம் இங்கிலீஷ்தான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: அடுப்பு எரிகிறது, குடியிருப்பு உண்டு, வாடகைக்குத் தகுதி இல்லை. கோணாமல் எழுதினேன். அன்று புகைந்துகொண்டிருந்த எல்லா மனைக்கும் அதையே எழுதினேன். அந்தப் பெண்கள் எல்லாருமே சந்தோஷமாகத் தலையாட்டினார்கள், தங்கள் மனையைச் சர்க்காரே எழுதிக்கொண்டு போகிறது என்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா விசாரித்தாள். குப்பத்தைப் பற்றி அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாரும் அடுப்பு மூட்டினார்களா என்றாள். மூட்டினார்கள் என்றேன். என்ன எழுதினாய் என்றாள். சொன்னேன். சாதம் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள்.

“அடுப்பு எதுக்குன்னு உனக்குத் தெரியாது?”

“தெரியும்.”

“அந்த ஐயா கேக்கலியா?”

“கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்.”

“எம் பேரைச் சொல்ல வெக்கமாகீதுன்னா சொல்லாத, போவுது. அடுப்பு எதுக்குன்னு சொல்றதுக்கு எம் பேரு இன்னாத்துக்கு? யாரோ சொன்னாங்கன்னு சொல்லக் கூடாது?” என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. நிஜமாகத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்குத் தெரியாமல் தனியாகக் குப்பத்துக்குப் போனேன். தப்பைத் திருத்திவிடலாம் என்ற நினைப்பு. புருஷன் படுத்திருக்கும் அந்த முதல் மனைக்காரிக்காக மேல் அதிகாரிக்கு ஒரு மனு எழுதிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அந்த மனையில் தான் குடியிருக்கவில்லை, வீடு முழுக்கப் போய்விட்டது என்று அவள் சொல்வதாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன்.

“இங்க இல்லேன்னு நானே எழுதிக் குடுத்தா, நாளைக்கு இந்த மனை யாருது?” என்று கேட்டாள்.

“அதையெல்லாம் சர்க்கார் கேட்காதும்மா.”

“சர்க்காரு கேக்காது. பக்கத்துல கீறவ கேப்பா.”

அதைக் கேட்ட பிறகாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான் இன்னும் புத்திசாலித்தனம் செய்தேன். மறுபடி பார்வையிட ஆள் வருவார்கள், வரும்போது அடுப்பு எரிந்தால் மனு செல்லாது, அதனால் அதுவரை அடுப்பு மூட்டாதே என்றேன். எத்தனை நாள் என்று கேட்டாள். பத்து நாள் என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் பள்ளிக்கூடம் இருந்த திசையைப் பார்த்தாள். அங்கிருந்து இருமல் கேட்கவில்லை, தூரம் அதிகம். ஆனாலும் கேட்டதுபோல்தான் பார்த்தாள். சட்டியை இறக்கி அதிலிருந்த தண்ணீரை அடுப்பிலேயே ஊற்றினாள். நாலு கழியையும் தானே பிடுங்கி ஒன்றாகக் கட்டினாள். மனுவில் கைநாட்டு வைத்தாள்.

நாலாவது நாள் அந்த மனையில் இன்னொருத்தி அடுப்பு மூட்டினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ஊர் வழக்கப்படி அது சரி.

மனு மேஜை மேஜையாக நகர்ந்தது. இதை யார் கொண்டுவந்தது, கணக்கெடுத்தவனே மனுவும் கொண்டுவருவானா என்று சூப்பிரண்டு ஒரு நாள் கேட்டார். தற்காலிக வேலை போய்விடுமே என்று அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் ஒரு மாதமாயிற்று. மளிகைக்கடைக்காரர் நல்ல மனுஷர், மாதம் பிறந்து பன்னிரண்டு நாள் வரைக்கும் அறையைப் பூட்டியே வைத்திருந்தார், அப்புறம் ஒரு மில் தொழிலாளிக்கு விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும் என்று தாழ்வாரத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அவள் புருஷனைக் காசிமேட்டில் தன் அண்ணன் குடிசைக்குக் கொண்டுபோனாள். கீற்றுத் தட்டி, மணல் தரை, மார்கழிப் பனி. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தை மாதம் உத்தரவு வந்தது. மனு நியாயமானது, வாடகை கொடுக்கலாம் என்று ஒரு வரி. நகலை எடுத்துக்கொண்டு, குப்பத்தில் விசாரித்துக் காசிமேட்டுக்கு ஓடினேன். ஆமாம், ஓட்டம்தான். வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைப்பானேன்.

கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் போய்விட்டாராம். ஆனாலும் வந்ததைச் சொல்ல வேண்டுமே, உத்தரவு ஆகிவிட்டது, அறை பார்த்துச் சீட்டு வாங்கிவந்தால் வாடகை கிடைக்கும் என்று உளறினேன். காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“இன்னாத்துக்கு நைனா இப்ப?” என்றாள்.

நான் மன்னித்துக்கொள் என்றோ என்னவோ சொன்னேன். அன்றைக்கு அந்த ஐயாவிடம் நீ அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் என்றும் ஆரம்பித்தேன். அப்போதும் தப்பில் கொஞ்சத்தை அவள் தலையில் கட்டத்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் மீன் அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்கம்மா கல்யாணத்துல நான் பந்தியில குந்தி சாப்புட்டுகீறேன். உரிச்சு வச்ச மாரி அவ மூஞ்சிதான் உனக்கு. நீ நோட்டைத் தூக்கிகினு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நம்ம புள்ளதான் எழுதுது, அடுப்பு எதுக்குன்னு அது சொல்லிடும்னு இருந்தேன். அந்தத் தெகிரியத்துலதான் அந்த ஐயாகிட்ட அப்படிப் பேசினேன்.”

சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். கூடை கனம், ஒருத்தியால் தூக்க முடியாது. சுற்றிப் பார்த்தாள், பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

“ஒரு கை பிடி” என்றாள்.

பிடித்தேன்.