அவர் கையெழுத்தில் என் அபிப்பிராயம்

மலையாள தேசத்துக் கரமனையில் எங்கள் தெரு வாசகசாலைக்கு ஒரு சட்டம் உண்டு. புதுப் புத்தகம் எது வந்தாலும் நேரே அலமாரிக்குப் போகாது. கமிட்டியில் ஒருத்தர் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் முழுக்கப் படித்து, ஒரு தாளில் அபிப்பிராயம் எழுதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். கூடியிருப்பவர்கள் தலையாட்டினால் புத்தகம் அலமாரிக்குப் போகும். இல்லாவிட்டால் பட்டணத்துக் கடைக்கே திரும்பிப் போகும். அந்தத் தாளையும் கையெழுத்தோடு அட்டையின் உட்பக்கம் ஒட்டிவிடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இரண்டு வருஷ காலம் அப்படி ஒட்டப்பட்ட தாள்களில் பாதிக்கு மேல் என் வீட்டுக்காரரின் கையெழுத்துத்தான் இருந்தது. அதில் ஒரு வரிகூட அவர் யோசித்து எழுதியதில்லை. எல்லாம் நான் எழுதிக் கொடுத்து அவர் பார்த்து எழுதியவை.

அவருக்கு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம். பகலெல்லாம் காகிதம் பார்த்துவிட்டு வந்த மனுஷர் புத்தகத்தைத் திறந்தால் மூன்றாம் பக்கத்தில் குறட்டை. முதல் தடவை சனிக்கிழமை வரைக்கும் ஒன்றும் படிக்காமல் இருந்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நீதான் இதைப் படிச்சுண்டிருந்தயே. உள்ளே என்ன இருக்குன்னு சித்தே சொல்லேன்."

சொன்னேன். பாதி கேட்கிறபோதே, "எழுதியே கொடுத்துடேன், புண்ணியமாப் போகும்" என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த வேலை. திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். என் எழுத்தை நாலு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்றால் எனக்குக் கசக்குமா?

சும்மா ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. பெண்கள் வாசகசாலைப் படி ஏறுவதில்லை. வீட்டு ஆண்பிள்ளைக்கு மனசு வந்தால் ஒரு புத்தகம் நம் கைக்கு வரும், வராவிட்டால் இல்லை. சந்தாதாரர் பட்டியலில் என் பேர் ஏற வேண்டும், என் பேரில் புத்தகம் எடுத்து நானே திருப்பிக் கொடுக்க வேண்டும், வாரத்தில் ஒரு மத்தியானம் தெருப் பெண்களுக்கென்று கதவு திறக்க வேண்டும். இதுதான் நான் கேட்டது. அவரும் சரியென்றார்.

"ஆண்டு விழா வரட்டும். இதெல்லாம் எழுதினது என் ஆத்துக்காரியாக்கும்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். சொன்னா அப்புறம் யார் வேண்டாம்பா? கேட்டயா?"

கேட்டேன். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பட்டணத்திலிருந்து இரண்டு ஜாதிப் புத்தகங்கள் வந்து குவிந்தன. ஒன்று வாழ்க்கையில் முன்னேறுவதற்கு வழி சொல்பவை. மற்றது கொலை, களவு, மர்மம், துப்பறிதல். கமிட்டிப் பெரியவர்களுக்கு முதல் வகை என்றால் வெல்லம். அட்டையில் உதயசூரியன் படம் இருந்தாலே தலையாட்டிவிடுவார்கள்.

நான் அப்படி விடுகிறவள் இல்லை. ஒரு புத்தகம் சொல்லுகிற யோசனைகளில் ஒன்றையாவது ஒரு வாரம் செய்து பார்க்காமல் அபிப்பிராயம் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். கோபம் வந்தால் பத்து வரை எண்ணு என்றது ஒன்று. பாலில் தண்ணீர் கலந்த பால்காரனிடம் அதைச் செய்து பார்த்தேன். எண்ணி முடிப்பதற்குள் அவன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். இன்னொன்று, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வெந்நீரில் குளித்து, சூடாகப் பால் குடித்துவிட்டு, தன் லட்சியத்தைப் பற்றித் தியானம் பண்ணச் சொன்னது. நாலு மணிக்கு வெந்நீர் வேண்டுமென்றால் மூன்றரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவள் எந்த லட்சியத்தைப் பற்றித் தியானம் பண்ணுவாள் என்று ஆசிரியர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. இன்னொருத்தர் மௌனத்தின் மகிமையை நாற்பது பக்கத்துக்கு வாய் ஓயாமல் பேசியிருந்தார். ஒரே ஒரு மெலிசான புத்தகம் மட்டும் உருப்படி. படித்ததைப் பத்து வரியில் எழுதிப் பார், எழுத வராவிட்டால் நீ அதைப் படிக்கவில்லை என்றது அது. அதைப் பற்றி மனசாரப் புகழ்ந்து எழுதினேன்.

மர்ம நாவல்களுக்கும் நான் சலுகை காட்டவில்லை. ஒன்றில் கதாநாயகி எட்டுத் தடவை மூர்ச்சை போட்டாள். இவளுக்கு வேண்டியது வைத்தியர், துப்பறிகிறவர் இல்லை என்று எழுதினேன். இன்னொன்றில் முந்நூறு பக்கம் நம்மை இழுத்தடித்துவிட்டு, அதுவரை தலையே காட்டாத ஒருத்தனைக் கடைசி அத்தியாயத்தில் கொண்டுவந்து இவன்தான் கொலைகாரன் என்றார்கள். அது பச்சை மோசடி. துப்பறிகிறவன் கண்ணில் பட்டது அத்தனையும் படிக்கிறவள் கண்ணிலும் பட வேண்டும், அப்படியும் அவள் தோற்க வேண்டும், அதுதான் நாவல் என்பது என் கட்சி. அப்படி ஒன்று வந்தது. சமையல்காரன்தான் என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன். இல்லை. பின்னால் புரட்டிப் பார்த்தால் எல்லாம் என் மூக்குக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. அசடு வழிந்தேன். ஆனால் எத்தனை சந்தோஷம்!

அந்த நாவலை எதிர் வீட்டு மாமிக்கும் கொடுத்தேன். சின்ன வயசில் அவளுக்கு மலையாள எழுத்துத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தமிழை நாவலுக்காகவே எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டவள். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் படிப்பாள், மத்தியானம் வந்து, "அந்தக் கடங்காரன் மேலேதாண்டி எனக்கு சந்தேகம்" என்று ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கு இன்னும் எட்டு அத்தியாயம் பாக்கி இருந்தபோது ஆண்டு விழா வந்தது.

விழாவில் வாசிப்பதற்கென்று எட்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். முன்னேற்றப் புத்தகமா, மர்ம நாவலா, ஒரு வீட்டுக்கு எது நல்லது என்பது விஷயம். பொறுமையைப் பற்றிய புத்தகம் சொல்லிக் கொடுக்காத பொறுமையை ஒரு நல்ல மர்ம நாவல் பழக்கிக் கொடுக்கிறது என்று நியாயம் எடுத்து எழுதியிருந்தேன். அதுவரை அவர் வாசிக்கத் தோதாக, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி ஜாக்கிரதையாக எழுதுவேன். இந்தத் தடவைதான் என் பேரைச் சொல்லப் போகிறாரே என்று நானாகவே எழுதிவிட்டேன். அந்த நாவல் படித்த அன்றைக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வரி. அவரும் விழாத் தோரண ஏற்பாட்டுக்கு நடுவில் அவசர அவசரமாகப் பார்த்து எழுதினார். படித்து எழுதவில்லை.

தெருவுக்கெல்லாம் பொதுவான சமூக மடத்துக் கூடத்தில் விழா. அந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பெண்களும் ஒரு ஓரத்தில் உட்காரலாம் என்றார்கள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு மாமியோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். பால் பொங்கிய வரி வந்ததும், தலைமை வகித்த ஓய்வுபெற்ற தாசில்தார் கையைத் தூக்கினார்.

"ஓய், நில்லும். உம்மாத்துல அடுப்பு உம்ம கையிலயா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துபோயிற்று. தாளைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். சரி, இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இதைவிட நல்ல சமயம் ஏது? எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்கலாமென்று தலைப்பைக்கூட இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"இல்லை, இல்லை," என்றார். "அது எங்காத்துல நடந்த சங்கதி. ஒரு உதாரணத்துக்காக எழுதினேன். இந்த மாதிரி நாவல் கையில இருந்தா பொம்மனாட்டிகளுக்கு அடுப்பு தெரியல்லை, ஆம்படையான் வந்தது தெரியல்லை. நான் கண்ணால பார்த்ததாக்கும். அதனால இதுகளை வாசகசாலையில உட்கார்ந்து படிக்கறதோட மதி, அது போதும், ஆத்துக்குக் கொடுக்கப்படாதுங்கறது என் அபிப்பிராயம்."

"பேஷ்!" என்றார் தாசில்தார். அங்கேயே தீர்மானமாகிவிட்டது. வீடுகளுக்கு முன்னேற்றப் புத்தகங்கள் மட்டும். நாவல்கள் அலமாரியை விட்டு வெளியே போகாது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கையிலிருந்த வெற்றிலை பாக்கை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொல்றேன்னேள், என்ன சொன்னேள்?"

"நான் என்னடி பண்ணட்டும்? அத்தனை பேரும் சிரிச்சா. மானம் போச்சு."

"உங்க மானம் போகாம இருக்க என் மானத்தை எடுத்து வீசினேளாக்கும்? ரெண்டு வருஷமா எழுதினவள் பாலைக் கவனிக்கத் தெரியாத அசடா?"

"வெறுதே கத்தாதே. வாயில வந்தது சொல்லிட்டேன். நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவா."

"நான் மறக்க மாட்டேன்," என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் வாசகசாலையிலிருந்து ஆள் வந்து வீடு வீடாக நாவல்களை வாங்கிக்கொண்டு போனான். எதிர் வீட்டு மாமி எட்டு அத்தியாயம் மிச்சத்தோடு அதைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"உன் பாலும் நீயும்! உன்னாலேதானேடி எங்க எல்லாருக்கும் போச்சு?"

"மாமி, அதையெல்லாம் எழுதினதே நான்தான். உங்களுக்கும் சேர்த்துக் கதவு திறக்கத்தான் எழுதினேன்."

"நீ எழுதினயா? இருக்கறது போதாதுன்னு பொய் வேற சொல்றயா? அவர் கையெழுத்தை நான் பார்த்திருக்கேனே."

என் எழுத்தென்று காட்ட ஒரு தாள் இல்லை. நான் எழுதிய தாள்களை அவ்வப்போது கிழித்து அடுப்பில் போட்டதும் நான்தான். இரண்டாம் பிரதி எதற்கு என்று நினைத்திருந்தேன். கொலைகாரன் யாரென்று சொல்லட்டுமா என்று கேட்டேன். "உன் வாயால எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்று போய்விட்டாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு புதுப் புத்தகத்தைக் கொண்டுவந்து வழக்கம்போல அம்மிக்குப் பக்கத்தில் வைத்தார். மன உறுதியால் வெற்றி பெறுவது எப்படி என்கிற சமாசாரம்.

"நீங்களே படியுங்கோ," என்றேன்.

கெஞ்சினார், அதட்டினார், இரண்டு நாள் பேசாமல் இருந்தார். நான் அசையவில்லை. எனக்கென்று மிச்சமிருந்த பிடி அது ஒன்றுதான். எழுத ஆள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் விழிக்கட்டும், அப்போது தெரியும் இத்தனை நாள் எழுதியது யாரென்று, அன்றைக்கு வந்து என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்? அந்த நம்பிக்கையில்தான் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை போனார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. கால் அலம்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். என்ன வாசித்தீர்கள் என்று நானே கேட்டேன்.

"புஸ்தகத்தோட பின் அட்டையில கடைக்காரன் விளம்பரம் போட்டிருந்தான். பன்னெண்டு வரி. அதை அப்படியே எழுதிண்டு போய் வாசிச்சேன்."

"ஒருத்தரும் கண்டுபிடிக்கலையா?"

"கண்டுபிடிக்கறதா! இத்தனை நாள் எழுதினதிலேயே இதுதான் ஜோர்னு தாசில்தார் முதுகுல தட்டினார்," என்றார். பாவம், என்னைக் குத்த வேண்டுமென்று சொல்லவில்லை. சந்தோஷத்தில் சொன்னார்.

அவர் என்னை ஏமாற்றினார் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். வாசகசாலையில் இரண்டு வருஷமாகத் தலையாட்டியவர்களில் ஒருத்தர்கூட நான் எழுதியதைக் கேட்கவே இல்லை. அவர்கள் காதில் விழுந்தது அந்தப் பால் பொங்கின ஒரு வரி மட்டும்தான்.