கொரியா மிஸ் உட்காரும் பெட்டி

கவிழ்த்துப் போட்ட திராட்சைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அனுசுயா முதலில் வாஷிங்டனைப் படிக்கிறார், பிறகு பெய்ஜிங்கை, கடைசியில் சியோலை. ஒரே சந்திப்பைப் பற்றி அந்தந்த அரசுகள் தனித்தனியாக வெளியிட்ட அறிக்கைகள் அவருடைய கைபேசியில் இருக்கின்றன. தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் பன்னீர் திராட்சை தொங்குகிறது. சேலைக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டை. கணவர் அரசுப் பேருந்து நடத்துநர். சில்லறையும் டிக்கெட்டும் இருந்த சட்டைப்பையில் இப்போது கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரி இருக்கிறது.

"எதை எழுதியிருக்காகன்னு எல்லாரும் பாப்பாக. எதை விட்டிருக்காகன்னு நாம பாக்கணும்" என்பார். ஒருவர் அறிக்கையில் வடகொரியா இருக்கும், இன்னொருவர் அறிக்கையில் இராது. ஒருவர் இறக்குமதி வரியைப் பற்றிச் சொல்லியிருப்பார், இன்னொருவர் நட்பைப் பற்றி மட்டும். விடுபட்ட இடம் கிடைத்துவிட்டால் முகத்தில் ஒரு நிறைவு வரும். கொத்துக்குள் மறைந்திருந்த அழுகல் காயைக் கண்டுபிடித்துக் கிள்ளி எறியும்போதும் அதே நிறைவுதான்.

உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுக்கிறார். முனைவர் பட்டத்துக்குத் தென்கொரியாவின் வெளியுறவை எடுத்துக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. "எல்லாரும் பெரிய பெரிய நாடா எடுத்துட்டாக. எனக்கு மிஞ்சுனது இது." பிறகு அதை விடமுடியவில்லை. ஊரில் 'கொரியா மிஸ்' என்றால் பேருந்தில் டிக்கெட் கொடுக்கிறவர் வரைக்கும் தெரியும். அப்படிக் கொடுக்கிறவர்களில் ஒருவர் கணவர் சின்னச்சாமி என்பதால் மட்டுமல்ல.

முதலாண்டுப் பெண்கள் கொரியா என்றதும் பாட்டையும் நாடகத்தையும் எதிர்பார்த்து முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். "மிஸ், பாட்டு எப்ப வரும்?" "வரும். முதல்ல அங்கன யாரு படை நிக்குதுன்னு பாப்போம்." கரும்பலகையில் நடுவில் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். வடக்கே அணுகுண்டு வைத்திருக்கும் உடன்பிறப்பு. காவலுக்கு அமெரிக்கப் படை. அதிகமான வியாபாரம் சீனாவோடு. காவல்காரரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். உலகத்தின் பழைய ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. நடுவில் இருக்கிற வட்டம் என்ன செய்யும்?

"கொரியா யாரு பக்கம் மிஸ்?" என்று எப்சிபா ஒருநாள் கேட்டாள். அப்பா போடியில் துணிக்கடை வைத்திருக்கிறார்; பேரம் பார்த்து வளர்ந்த பெண்.

"கொரியா பக்கம்."

"இது நழுவுற பதில் மிஸ்."

"ஆமா, நழுவுறதுதேன். கீழ விழுகாம நழுவிப் பாரு, அப்பத் தெரியும்."

அனுசுயா நழுவக் கற்ற இடம் ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தோட்டம். அப்பா விட்டுப்போனது. கிணறு கிடையாது. தண்ணீர் மேற்கே பெரியப்பா வேலுச்சாமியின் கிணற்றிலிருந்து குழாயில் வருகிறது. வண்டி வரும் பாதை கிழக்கே தாய்மாமன் தங்கப்பாண்டியின் தோப்பு வழியாக வருகிறது. இருவருக்கும் இவருடையதைப் போலப் பல மடங்கு நிலம். மோட்டார் அறை நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எப்போதும் கிடக்கும், ஒன்று பெரியப்பாவுக்கு, ஒன்று மாமாவுக்கு. யார் வந்தாலும் அனுசுயா நடுவில் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல்தான் உட்காருவார். ஊர் இதைப் பார்த்துக் கொரியா என்று சிரிக்கும். அவர் அந்தப் பேச்சை வளர்க்கமாட்டார்.

இந்த மாசியில் அந்த நாற்காலிகள் காலியாகிவிட்டன. பெரியப்பாவின் குழாய் மாமாவின் பாதையை ஒரு திருப்பத்தில் குறுக்கே கடக்கிறது. அங்கே மாமாவின் டிராக்டர் ஏறி, குழாய் நொறுங்கித் தண்ணீர் தோப்புக்குள் பாய்ந்தது. அப்போது பக்கத்தில் நின்றவர் அனுசுயா மட்டும்தான். இரண்டு வீட்டிலும் வக்கீல் பார்த்துவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் சாட்சி ஒருவர்தான்.

பெரியப்பா சொன்னார்: "வேணும்னே ஏத்துனான் ஆத்தா. கண்ணால பாத்தவ நீ. வந்து சொல்லு." குழாய் ஒரு சாண் ஆழம்கூட இல்லாமல் கிடந்ததை அவர் சொல்லவில்லை. மாமா சொன்னார்: "என் பாதையில குழாயப் போட்டுட்டு எனக்கே கேஸா? போடுறப்ப ஒரு வார்த்தை கேட்டாகளா உங்க பெரியப்பா? வந்து சொல்லு புள்ள." டிரைவர் பாதையை விட்டு இறங்கித் திருப்பியதை அவர் சொல்லவில்லை.

விடுபட்டவை இரண்டும் அனுசுயாவுக்குத் தெரியும். இரண்டு வீட்டிலும் ஒரே வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் சொல்லிவிட்டு வந்தார்: "குழாய் மேலாக்க கெடந்துச்சு, டிராக்டர் பாதைய விட்டு எறங்குச்சு. கேட்டா ரெண்டையும் சொல்லுவேன்."

உடைந்த இடத்தில் ஒட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருந்த குழாயின் வால்வை அன்றைக்கே பெரியப்பா மூடினார். மறுநாள் விடியும்போது பாதையின் குறுக்கே மாமா முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்.

பந்தலில் காய்கள் பாதி நிறம் ஏறி நின்றன. தண்ணீர் நின்றால் சுருங்கும். பாதை இல்லாவிட்டால் வியாபாரி வண்டி வராது. வேறு தோட்டம் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் போனில் சொல்லிவிட்டார். ஒரு அறுவடை போனால் அடுத்த கவாத்துக்கும் உரத்துக்கும் வழியில்லை. தோட்டத்தை யாராவது ஒரு பக்கத்துக்காரருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். புருஷனும் பெண்டாட்டியுமாக ஓடையில் குடம் குடமாக எடுத்து வேரில் ஊற்றினார்கள்.

"உங்க கொரியாவுலயாவது பீரங்கி இருக்கு. நமக்கு என்னடி இருக்கு?" என்றார் சின்னச்சாமி.

"குடம் இருக்கு. பேசாம ஊத்துங்க."

அந்த வாரம் வகுப்பில் எப்சிபாவின் முறை. போன ஐப்பசியில் கியோங்ஜு நகரில் நடந்த மாநாட்டைப் பற்றிப் பேச வந்தாள். ஒரே வாரத்தில் அமெரிக்க அதிபரையும் சீன அதிபரையும் கொரியா தன் வீட்டில் வரவேற்றது. ஒருவருக்குப் பழைய அரசர்களின் பொற்கிரீடத்தைப் போலச் செய்த கிரீடம் கொடுத்தார்கள். இன்னொருவருக்குக் கறுப்பு வெள்ளைக் காய் வைத்து ஆடும் மரப்பலகை. படங்களைக் காட்டிவிட்டு எப்சிபா சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் கிரீடமே குடுத்திருந்தா, யாரு கிரீடம் பெருசுன்னு அளந்து பாத்திருப்பாக மிஸ். எங்க கடையிலகூட சம்பந்திக ரெண்டு பேருக்கும் ஒரே சேலை எடுத்துக் குடுக்க மாட்டோம்."

வகுப்பு சிரித்தது. அனுசுயா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அன்று சாயந்திரம் அனுசுயா காக்கிச் சட்டையோடு மாமா வீட்டு வாசலில் நின்றார்.

"மாமா, உங்க பாதைய ஒரு நாளைக்கு வெட்டிக்கிடவா? குழாய ஆழமா எறக்கணும்."

தங்கப்பாண்டி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "இதை அன்னைக்கே அவுக கேட்டிருந்தா..."

"அவுக கேக்கல. நான் கேக்குறேன்."

"வெட்டிக்க. திருப்பத்துல ஒரு கல்லும் நட்டுவிடுறேன், எந்தப் பயலும் எறங்க மாட்டான்."

"இன்னொண்ணு. அறுப்புக்கு மொதக் கொத்து நீங்கதேன் அறுக்கணும். எனக்குக் காது குத்துறப்ப மடியில வச்சுக்கிட்டது நீங்கதானே."

அங்கிருந்து நேரே பெரியப்பா வீடு. மாமா கல் நடப்போகிற செய்தியை முதலில் சொன்னார்.

"சொன்னானா? என்ட்ட சொல்லலையே."

"உங்களுக்குள்ள பேச்சே இல்லையே பெரியப்பா, எப்படிச் சொல்லுவாக? குழிய மட்டும் நீங்க ஆழமா எடுத்துக் குடுங்க. அப்புறம், அறுப்பு அன்னைக்கு நம்ம குலசாமிக்குச் சூடம் நீங்கதேன் காட்டணும்."

"அவன் வர்றானா?"

"வர்றாக. மாமாவுக்கு நம்ம சாமி கிடையாதே. அவுக வேலை வேற, உங்க வேலை வேற."

சூடத்தட்டு வீட்டிலிருந்து கொண்டுவரவா, அங்கனயே இருக்கிறதா என்று வேலுச்சாமி கேட்டார்.

குழி இடுப்பளவுக்கு இறங்கியது. குழாய்க்கு மேல் இரும்பு உறை. பெரியப்பாவின் ஆட்கள் வெட்டினார்கள், மாமாவின் ஆட்கள் மூடினார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் அங்கே நிற்கவில்லை. அன்றே தண்ணீர் வந்தது. முள்ளை ஒரு வண்டி போகிற அளவுக்கு ஒதுக்கிவிட்டார்கள். கொண்டுபோய்க் கொளுத்திவிடவில்லை; வரப்போரமாக இன்னும் கிடக்கிறது. கேஸை நிறுத்தச் சொல்லி வக்கீல் வீட்டுக்கும் யாரும் போகவில்லை. கொத்துகளில் ஓரப் பழங்கள் கொஞ்சம் சுருங்கியிருந்தன. அவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வதாக வியாபாரி ஒத்துக்கொண்டார்.

அறுப்பு நாளில் பெரியப்பா மேற்கிலிருந்து வந்தார், மாமா கிழக்கிலிருந்து. ஒருவர் சூடம் காட்டினார். ஒருவர் முதல் கொத்தை அறுத்தார். அளந்து பார்க்க யாருக்கும் எதுவும் இல்லை. பிறகு இருவரும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து பந்தலைப் பார்த்தார்கள். நடுவில், பெட்டியின் மேல் அனுசுயா.

"ஆத்தா, காய்ஞ்சும் நெறம் நல்லா ஏறிருக்குன்னு உங்க மாமன்ட்ட சொல்லு."

"மாமா, பெரியப்பா..."

"எனக்குக் காது கேக்குது. போன கவாத்துக்கு என்ன உரம் போடணும்னு சொன்னது யாருன்னு உங்க பெரியப்பாட்ட கேளு."

"அதையும் அவந்தேன் சொன்னானா? அப்ப என் தண்ணி எதுக்காம்?"

அனுசுயா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். வெட்டிய கொத்துகள் பெட்டி பெட்டியாக வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. பாதையிலிருந்து ஒரு குரல் வந்தது: "டீச்சரம்மா, பெட்டி ஒண்ணு கொறையுது!"

அவர் எழுந்தார். உட்கார்ந்திருந்த பெட்டியை நிமிர்த்தி, காக்கிச் சட்டையின் ஓரத்தால் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே எதுவும் இல்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.