நழுவிய கண்ணாடிகளும் ஒரு தண்ணீர்த் துப்பாக்கியும்

அந்தக் கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய மூக்கு ஒன்றும் பேர்போன மூக்கு அல்ல, சாதாரண மூக்குதான். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம், "கண்ணாடிக்குக் கண்ணு முக்கியமில்லைங்க, மூக்குதான் முக்கியம். அங்க நிக்கலைன்னா லென்ஸ் எவ்வளவு ஒசத்தியா இருந்து என்ன புண்ணியம்?" என்று ஆரம்பித்துவிடுவாள். போதாததற்கு, தெருவில் யார் வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும் அந்த மூக்குதான் முதலில் போய் நிற்கும். இரண்டுக்கும் சேர்த்துப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

லென்ஸ் போட்டுத் தயாரான கண்ணாடியை வந்தவர் முகத்தில் உட்கார வைப்பதுதான் அவள் வேலை. முழங்கால் இடிக்கிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் முகத்தை நீட்டி, "நேரா என்னைப் பாருங்க... குனிங்க... இப்ப சிரிங்க" என்பாள். காதுக் கம்பியைச் சூடுகாற்றுப் பெட்டியில் காட்டி, இளகியதும் காதுக்குப் பின்னால் வளைப்பாள். மூக்கில் உட்காரும் இரண்டு குமிழ்களையும் விரல் நுனியால் ஒரு அழுத்து அழுத்துவாள். அதற்குள் வந்தவருடைய மகள் எங்கே படிக்கிறாள், மாமியாரோடு என்ன மனஸ்தாபம் என்று எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். அவள் மாட்டிவிட்ட கண்ணாடி திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அப்படிப்பட்டவள் கை பட்ட கண்ணாடிகள் திடீரென்று திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் ஒரு வங்கி அதிகாரி வந்தார். "இங்க போட்டப்ப கிண்ணுனு நின்னுச்சும்மா. தெரு முனை தாண்டலை, சறுக்கிக்கிட்டு மூக்கு நுனிக்கு வந்துடுச்சு" என்றார். சரி, ஏதோ கைத்தவறு என்று மறுபடி இறுக்கிக் கொடுத்தாள். அடுத்து ஒரு டீச்சர். பிறகு ஒரு லாரி ஓட்டுநர், அவருடைய தம்பி. எல்லோருக்கும் ஒரே புகார்தான்: கடையில் நிற்கிறது, வெளியே போனால் நழுவுகிறது.

மூக்கக்காவுக்குத் தலை வெடித்துவிடும்போல் ஆயிற்று. இது என்ன கூத்து? இந்தக் கடையின் நாற்காலியில் மட்டும் நிற்கிற கண்ணாடியை எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? புதிதாக வந்த பிரேம் சரக்கைச் சந்தேகப்பட்டாள். வெயிலைச் சந்தேகப்பட்டாள், வேர்வையைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தளும்புகிறதா என்று பார்த்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

முதலாளி நல்ல மனிதர்தான், அப்பாவுக்குப் பிறகு கடையை எடுத்து நடத்துகிற சின்ன வயசுக்காரர். கடுமையாக ஒரு வார்த்தை பேச வராது. தொண்டையைச் செருமிக்கொண்டே வந்து நின்றார்.

"அக்கா, வேலைன்னா நீங்கதான். ஆனா இப்படித் திரும்பி வந்துக்கிட்டே இருந்தா கடைப் பேரு கெடுதுல்ல. இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். சரியாகலைன்னா நீங்க பின் ரூம்ல சரக்கு பார்த்துக்கங்க. முன்னால புதுப்பொண்ணு உக்காரட்டும்."

பின் அறையில் என்ன இருக்கிறது? ஒரு டியூப் லைட்டும், கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகளும். அங்கே ஒரு முகம் வராது, ஒரு கதை வராது. பகலெல்லாம் முகங்களைப் பார்த்தே பழகியவளுக்கு அது ஜெயில்தான். அவள் "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு, டாய்லெட்டுக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் புதுப்பெண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வேறொரு கடையில் வேலை கற்றுக்கொண்டு வந்தவள். மூக்கக்காவுக்குப் பக்கத்திலேயே நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ, கேட்டதற்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வாடிக்கையாளரின் கருவிழி எங்கே வருகிறது என்று லென்ஸ் மேல் ஊதா நிறப் பேனாவால் அடையாளம் வைப்பார்கள். ஸ்பிரிட் போட்டால்தான் போகும் மை அது. மூக்கக்கா ஒரு புள்ளி வைப்பாள். இந்தப் பெண் குட்டியாகப் பெருக்கல் குறி போடுவாள்.

"புள்ளி வச்சா என்ன கொறைஞ்சு போச்சு? கணக்கு வாத்தியார் மாதிரி பெருக்கல் போடுற?"

"பழைய கடையில இப்படித்தான்கா."

இப்போது அந்தப் பெண்ணைப் பார்த்தாலே மூக்கக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நாற்காலிக்குத்தான் காத்திருக்கிறாள், பேசாமடந்தை!

அந்த வாரமே கடைக்கு ஒரு பார்சல் வந்தது. 'மூக்கக்கா' என்றுதான் எழுதியிருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால், உள்ளே ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து ஒரு சுருள் குழாய், குழாய் முனையில் ஊசி மாதிரி ஒரு மூக்கு. பல் இடுக்கையும் ஈறு ஓரத்தையும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிற மெஷின் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது.

"இதை எவன் எனக்கு அனுப்பினான்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே குளியலறைக்குள் போய்த் தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டாள். செய்முறைத் தாளைப் படித்துவிட்டுச் செய்கிற ஜென்மமா அவள்? வேகத் திருகை ஒரே திருகாகக் கடைசி வரை திருகி, முனையை வாயில் வைப்பதற்கு முன்பே சுவிட்சைத் தட்டினாள்.

அவ்வளவுதான். சுவர்க் கண்ணாடி நனைந்தது, கூரை நனைந்தது, அவள் தலை, ரவிக்கை, மாட்டியிருந்த துண்டு எல்லாம் நனைந்தன. வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார்.

"ஏய், குழாய் வெடிச்சிருச்சா?"

"ஒண்ணுமில்ல, நீங்க போங்க!"

"ஒண்ணுமில்லாமயா கதவுக்கு அடியில தண்ணி வருது?"

வேகத் திருகைப் பார்த்தாள். மிகக் குறைந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஏதோ ஒரு அடையாளம் இருந்தது. கம்பெனிக்காரன் போட்டது போலிருக்கிறது, இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்போல என்று அங்கே கொண்டுவந்து நிறுத்தினாள். இந்த முறை தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். வாஷ்பேசின்மேல் நன்றாகக் குனிந்து, முனையை வாய்க்குள் வைத்த பிறகு சுவிட்சைப் போட்டு, தண்ணீர் தானாக வழியட்டும் என்று உதட்டை லேசாக மட்டும் மூடிக்கொண்டாள். ஈறு ஓரமாகவே ஒவ்வொரு பல்லாகப் போனாள். முதலில் கிச்சுக்கிச்சு மூட்டியது. பிறகு சுகமாகத்தான் இருந்தது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் போனதும், என்றைக்குச் சாப்பிட்டதோ தெரியாத ஏதோ ஒன்று பேசினில் வந்து விழுந்தது. கூடவே கொஞ்சம் சிவப்பு. அதோடு ஒரு வாடை எழும்பியது பாருங்கள்!

தினமும் பிரஷ் தேயத் தேயப் பல் துலக்குகிற வாய்க்குள்ளிருந்து இப்படி ஒரு வாடையா? "அடச்சீ!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே சுவரிலிருந்த ஈரக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சுளித்த மூக்கு அவள் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியை மேலே தூக்கி, கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. சுளிப்பு மெல்ல விலகியது. கண்ணாடி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தது.

மறுபடி மூக்கைச் சுளித்தாள். கண்ணாடி ஏறியது. விட்டாள். இறங்கியது.

"அட ஆண்டவா" என்றாள்.

வங்கி அதிகாரியின் முகம் நினைவுக்கு வந்தது. டீச்சர், லாரி ஓட்டுநர், அவர் தம்பி எல்லோரும் அவள் எதிரே இப்படித்தானே மூக்கைச் சுளித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்! அவள் அதைக் கூச்சம் என்றல்லவா நினைத்தாள்? சுளித்த மூக்குக்குக் கச்சிதமாக அளவெடுத்து மாட்டிவிட்டிருக்கிறாள். வெளியே போய் அவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டதும் மூக்கு பழையபடி ஆகிவிட்டது. கண்ணாடி நழுவாமல் வேறு என்ன செய்யும்? பாவம், குற்றம் கையிலும் இல்லை, பிரேமிலும் இல்லை.

புதிர் அவிழ்ந்த சந்தோஷம் ஒரு நொடிதான். அடுத்த நொடி மானம் போய்விட்டது. ஈரத் தலையோடு வெளியே வந்து வீட்டுக்காரர் முன்னால் நின்றாள்.

"என் வாய் நாறுதா? மறைக்காம சொல்லுங்க."

வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கிற தொழிலாளி. முன்பு வந்த ஒரு காய்ச்சலோடு அவருக்கு மோப்பமே போய்விட்டது. "நல்ல ஆளைப் பார்த்துக் கேட்ட போ. அடுப்புல பால் தீஞ்சாலே நீ கத்தினாத்தான் எனக்குத் தெரியும்" என்று சிரித்தார். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தனை பேரு மூச்சப் புடிச்சுக்கிட்டு எம்முன்னால உக்காந்திருந்தாங்களோ! நான் பாட்டுக்கு அவங்க வீட்டுக் கதையெல்லாம் கேட்டுக்கிட்டு..." என்று தேம்பினாள். அவர் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டார்.

மறுநாள் பல் டாக்டரிடம் போனாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேள்வி கேட்கிற நோயாளியை அந்த டாக்டரம்மா அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

"ஈறு ஓரத்துல காறை கட்டி, ஈறு வீங்கியிருக்கு. வாடை அங்கேருந்துதான் வருது" என்றார் டாக்டரம்மா.

"அந்தத் தண்ணி மெஷின் காறையைப் பேர்க்காதா டாக்டர்?"

"பேர்க்காது, அது என் வேலை. நான் சுத்தம் பண்ணினதுக்கப்புறம் பிரஷ்ஷும் அதுவும் சேர்ந்து பார்த்துக்கும். மெஷின் வந்துடுச்சேன்னு பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுறாதீங்க. இப்ப கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

ஈறு ஆறும்வரை சளி பிடித்திருப்பதாகச் சொல்லி முகமூடி மாட்டிப் பார்த்தாள். மூச்சுக் காற்றில் அவள் கண்ணாடியே ஆவி படிந்து மங்கி, எதிரே இருந்தவரின் காது எது கன்னம் எது என்று தெரியாமல் போயிற்று. கழற்றிக் கடாசிவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பிரஷ், பிறகு தண்ணீர்த் துப்பாக்கி. வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. பேசினில் சிவப்பு குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. கடையிலும் எதிரே இருப்பவர்களின் மூக்கு சுளிக்காமல் சும்மா இருக்க ஆரம்பித்தது. மாட்டிய கண்ணாடி மாட்டிய இடத்தில் நின்றது.

ஆனாலும் ஒரு கேள்வி அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. அனுப்பியது யார்? நாத்தனாராக இருக்குமோ? அவளாக இருந்தால் அனுப்பிய கையோடு ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பாள். முதலாளியிடம் பேச்சோடு பேச்சாக, "தண்ணி பீய்ச்சுற மெஷின் ஒண்ணு வந்திருக்காமே தம்பி" என்று தூண்டில் போட்டாள். அவர் "ஆமாக்கா, கார் கழுவ நல்லாருக்கும்" என்றார். அந்த ஆளும் இல்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள் காலை. மெஷினில் உப்புத் தண்ணீர்க் கறை படிந்திருக்கிறதே என்று, கைப்பையில் இருந்த ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடைத்தாள். வேகத் திருகைத் துடைத்தபோது துணியில் ஊதா நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. கம்பெனிக்காரன் போட்ட அடையாளம் ஸ்பிரிட்டில் அழியுமா என்ன? கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது ஒரு குட்டிப் பெருக்கல் குறி.

கடைக்குள் நுழைந்ததும் முதலாளி மலர்ந்த முகத்தோடு எதிரே வந்தார். "அக்கா, இப்ப ஒண்ணுகூடத் திரும்பி வரலை. நீங்க முன்னாலயே இருங்க. சரக்கு பார்க்கப் புதுப்பொண்ணைப் பின்னால அனுப்பிட்டேன்."

மூக்கக்கா நேராகப் பின் அறைக்குப் போனாள். டியூப் லைட்டுக்கு அடியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பெண் பிரேம்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மெஷின் அனுப்பினது நீதானே?"

அந்தப் பெண் ஒரு பிரேமை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். காது மட்டும் சிவந்தது.

"தெரிஞ்சிருந்தும் ஏன்டி வாயைத் திறந்து சொல்லல? பக்கத்துலயே நின்னியே!"

"சொல்லியிருந்தா, சீட்டுக்காகத்தான் சொல்றேன்னு நினைச்சிருப்பீங்கக்கா."

"பேசாம இருந்திருந்தா அந்த சீட்டே உனக்கு வந்திருக்குமே!"

"அதனாலதான் பேசாமயும் இருக்க முடியல."

இந்தப் பெண்ணையா பேசாமடந்தை என்று மனதுக்குள் திட்டினோம் என்று மூக்கக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணின் கையிலிருந்த பிரேமைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து முன்கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, இந்த மேசை ரெண்டு நாற்காலிக்குத் தாராளமாப் போதும். இவ முன்னால இருக்கட்டும். சரக்கை ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்த்துக்கறோம்."

"அதுக்கில்லக்கா, அவ கைவேலை எப்படின்னு..." என்று இழுத்தார் முதலாளி.

"என் மூக்குலயே பார்த்துக்கங்க."

சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவள், தன் கண்ணாடியை இதுவரை இன்னொருவர் கையில் கொடுத்ததே இல்லை. அந்தப் பெண் அதைக் கழற்றிச் சூடுகாற்றில் காட்டினாள், கம்பியை வளைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுவந்து மாட்டினாள். மூக்கக்கா தன்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் முகம் விலகவில்லை.

"மூச்சு விடுங்கக்கா" என்றாள். "இல்லைன்னா கண்ணாடி சரியா உக்காராது."