புதன்கிழமைக்கு ஒதுக்கிய பயம்

போன வாரம் ஒருநாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பிலோமினா டீச்சரின் தம்பி மகன் போனில் பேசினான். "அத்தை விடியக்காலையில போயிட்டாங்க" என்றான். முந்தின நாள் மாலைதான் பேராதனை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் துருவிய தேங்காயை என்ன செய்வதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்டியில் எங்களோடு படிப்பித்தவர்களுக்கு டீச்சரை மறக்க முடியாது. பாடம் புவியியல். ஆனால் பாடசாலையே அவருக்கு அஞ்சியது வகுப்புகளுக்கு நேரசூசி போடும் ஜனவரி மாதத்தில்தான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாரென்றால் அதிபரே சிபாரிசுக்கு வந்தாலும் மசியமாட்டார். "ஆண்டவரு ஆறு நாள்ல உலகத்தையே படைச்சுட்டாரு. நான் அஞ்சு நாளுக்குள்ள இத்தன வகுப்ப அடைக்கணும். கொஞ்சம் சும்மா இருங்க" என்பார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் துணிக்கடை எரிந்தது. ஓடித்தான் உயிர் பிழைத்தோம். ஆனால் அதன்பிறகு எனக்கு நாளை என்ற சொல்லே ஆகாமல் போயிற்று. சீனியை அன்றன்றைக்குத்தான் வாங்குவேன். பிறப்புச் சான்றிதழ்களும் நகைகளும் கதவுக்குப் பின்னால் ஒரு பையில் தயாராகத் தொங்கும். "உப்பாவது ஒரு பக்கெட் முழுசா வாங்குவோமே" என்று என் கணவர் கேலி செய்வார். பிள்ளைப் பேச்சை மட்டும் அவர் எடுக்கமாட்டார். வேண்டாமென்று நான் சொல்லியிருந்தேன். பிள்ளை என்றால் இருபது வருடக் கணக்கு. எனக்கு அடுத்த மாதத்தையே நினைக்க முடியவில்லை. அவருக்கு ஆசை இருந்தது. அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஓய்வறையில் ஒருநாள் காரணமில்லாமல் அழுதுவிட்டேன். டீச்சர் பார்த்துவிட்டார். அடுத்து வந்த நேரசூசியில் புதன்கிழமை கடைசிப் பாடவேளை எங்கள் இருவருக்கும் பாடமில்லாமல் ஒழிவாக இருந்தது. என் பிரதியில் அந்தக் கட்டத்துக்குள் 'பயம்' என்று பென்சிலால் எழுதியிருந்தார். இது என்ன என்று கேட்டேன்.

"அரசாங்கக் கச்சேரியில புதன்கிழமைதானே மனு கொண்டுவர்ற சனங்கள பாக்குறாங்க? ஒங்க பயத்துக்கும் அதே நாள்தான். மத்த நாள்ல வந்து நின்னா, புதன்கிழமை வான்னு சொல்லி அனுப்பிருங்க."

சிரிப்பு வந்தது. ஆனாலும் செய்து பார்த்தேன். புதன்கிழமைகளில் தேசப்படங்கள் தொங்கும் அறையில் பிளாஸ்க் தேநீரோடு உட்காருவோம். நான் என் பயங்களைச் சொல்வேன், அவர் தன்னுடையதைச் சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், கடைசிக் காலத்தில் பக்கத்தில் யாரும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அத்தோடு என் பயம் ஓடிவிட்டது என்று எழுதினால் பொய். சில பயங்கள் வர மறந்தன. சில, கச்சேரி வாசலில் விடியமுன் வந்து நிற்கும் ஆட்களைப் போல, தவறாமல் வந்தன.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நண்பகல், திடீரென்று ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். பஸ் இல்லை. மடவளைப் பக்கம் போகும் பிள்ளைகளை நாங்கள் இருவரும் கட்டுகஸ்தோட்டை வரை நடத்திக்கொண்டு போனோம். புறப்படும்போது நான் வாசலிலேயே தயங்கி நின்றேன். பிலோமினா டீச்சர் முன்னால் இறங்கினார். "வரப்போறதுக்குத்தான் டீச்சர் பயம். வந்துட்டா அது வேல. நடங்க" என்றார். பாலத்தடியில் தகப்பன்மார் காத்து நின்றார்கள். பிள்ளைகளை ஒப்படைத்த பிறகுதான், வழி முழுக்க நான் பயப்படவே மறந்திருந்தது தெரிந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"அன்னைக்கு எனக்குன்னு ஒரு கைப்பிள்ள இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன் டீச்சர்? நாளைக்கே மறுபடியும் ஓட வேண்டி வந்தா?"

அம்மா, மாமியார், டாக்டர் எல்லோரும் ஒன்றும் நடக்காது என்றே சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை நடந்ததைப் பார்த்த எனக்கு அந்தச் சொல்லில் துளியும் நம்பிக்கை இல்லை. டீச்சர் அப்படிச் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "வந்தா ஓடுவோம். பிள்ளைய நான் தூக்கிக்கிறேன், நீங்க பைய தூக்குங்க" என்றார்.

மறு வருடம் என் மகள் பிறந்தாள். மீண்டும் ஓட வேண்டிய நாள் எங்களுக்கு வரவில்லை. இருந்தாலும் டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டே திரிந்தார். இடுப்பு வலிக்கிறது என்று முனகுவார், இறக்கிவிடமாட்டார்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மாலை அவருக்கு மூச்சு வாங்கியது. "பயமாத்தான் இருக்கு" என்றார். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து, "ஒன்னும் ஆகாதுன்னு சொல்லிரப் போறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர்."

"நல்லது. கொஞ்ச நேரம் இருங்க."

கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று தாதி வந்து சொன்னார். தம்பி மகன் இரவுக்குத் தங்க வந்திருந்தான். அவன் கையில் டீச்சரின் கையைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவருடைய ஊரான தெல்தோட்டையில், சேமக்காலையில் அவரை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகிறது. பயந்து நிற்கிறவரிடம் பொய் சொல்லாமல் பக்கத்தில் இருப்பது என்ற ஒன்றைத்தான் நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று கொழும்பிலிருந்து மகள் பேசினாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். நாடு இருக்கிற இருப்பில் இந்தப் பிள்ளையை எப்படி வளர்க்கப்போகிறேனோ, பயமாக இருக்கிறது என்று அழுதாள்.

"பயமாத்தான்ம்மா இருக்கும்" என்றேன். "நான் வர்றேன்."