ஒரு பெட்டிக்கு எத்தனை பேர்

எங்கே எந்த ராட்டினத்தைக் கண்டாலும் என் மனைவிக்கு ஒரே கேள்விதான் இருந்தது. எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு வேகம் சுற்றும் என்றெல்லாம் அவள் கேட்டதில்லை. ஒரு பெட்டிக்கு எத்தனை பேர் என்று மட்டும் கேட்பாள்.

போன கோடை லீவில் விருதுநகரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். சிவகாசியிலிருந்து பஸ் ஏறி நால்வரும் போனோம். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. மகள் என் செல்போனில் பாம்பு விளையாட்டு விளையாடிக்கொண்டு வந்தாள். மகன் ஆமத்தூர் தாண்டுவதற்கு முன்பே ராட்டினம் தெரியுதா, தெரியுதா என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டான்.

நானும் பயந்த சுபாவம்தான். அச்சாபீசில் ஆர்டர் பார்க்கிறவன். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிளைத் தொட்டிருக்கிறேனே தவிர வெடிமருந்தைத் தொட்டதில்லை. ஆனாலும் பிள்ளைகள் ஏறப்போகிற எதையும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். போல்ட்டில் துரு ஏறியிருக்கிறதா, வெல்டிங் விட்டிருக்கிறதா, இயக்குகிற ஆள் குடித்திருக்கிறானா என்று பார்ப்பேன். என் பயத்தையும் அவள் பயத்தையும் தாண்டித்தான் பிள்ளைகள் எதிலாவது ஏற முடியும்.

அவளுடைய பயம் வேறு வகை. அவள் அச்சங்குளத்துப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு பட்டாசு கம்பெனிக்குப் போனவள். அவள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு கம்பெனி, அம்மாவுக்கு வேறொரு கம்பெனி. ஒரே கம்பெனியில் வேலை கிடைத்தாலும் இருவரும் ஒரே ரூமில் உட்கார மாட்டார்களாம். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒருமுறை சீசன் நேரத்தில் ஆள் போதாமல் பக்கத்து வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ரூமில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். ரூம் வெடித்து, இருவருக்கும் காரியம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக அவர்களை வெவ்வேறு ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். கடைசிப் பிள்ளைக்குச் சட்டை மாற்றிவிட்டது சிறுமியாக இருந்த என் மனைவிதான். இதற்கு மேல் அவள் சொன்னதில்லை.

கல்யாணமான புதிதில் நான் கேலி செய்திருக்கிறேன். "நான் பேப்பர்ல வேலை பாக்குறவன். நம்ம வீட்டுல என்ன இருக்கு வெடிக்கிறதுக்கு?"

"வெடிச்சாத்தானா?" என்றாள்.

பிள்ளைகள் பிறந்தபின் நானும் கேலியை நிறுத்திவிட்டேன். இதைப் பற்றி அவர்களிடம் நாங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் எதில் ஏறினாலும் அம்மாவோடு மகள், என்னோடு மகன் என்பது மட்டும் மாறாமல் இருந்தது.

பொருட்காட்சியில் நுழைந்ததும் குட்டி ரயில் நின்றது. ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு வட்டம் போய்வரும். விழுந்தால்கூட முட்டிதான் சிராய்க்கும். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவள் ரயிலையும் எஞ்சினையும் பார்த்தாள்.

"எல்லாப் பெட்டியும் ஒண்ணாத்தானே கோத்திருக்கு. வேண்டாங்க."

கொலம்பஸ் கப்பலில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து ஆடியது. அதுவும் வேண்டாம். கடைசியில் அந்த மைதானத்திலேயே உயரமான ஜெயின்ட் வீலின் முன்னால் வந்து நின்றோம். அதில்தான் பெட்டிகள் தனித்தனியாகத் தொங்கின. எது ஆபத்து குறைந்தது என்று பார்த்துப் பார்த்துக் கழித்து, இருப்பதிலேயே ஆபத்தானதற்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டிக்கெட் கிழிக்கிறவன் எங்களை எண்ணிப் பார்த்தான். "நாலு பேருதானே? அளவெடுத்த மாதிரி ஒரு பெட்டி. ஏறுங்க சார்."

"ரெண்டு பெட்டியாக் குடுங்க" என்றாள் மனைவி.

"ஏன்க்கா, சார்கூட சண்டையா?"

எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "வீட்டுச் சண்டையை அந்தரத்துல வச்சுப் பேசித் தீக்கப் போறாக போல" என்றார். வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

மகன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டான். "நான் அம்மாகூடத்தான். எப்பப் பாத்தாலும் என்னைய அப்பாகிட்டயே தள்ளி விடுறீக."

"ஏலே, ஏதாவது ஆச்சுன்னா அப்பா உன்னையத் தூக்கிட்டு ஓடிருவாரு. அம்மாவால உன்னையத் தூக்க முடியுமா? மூட்டை மாதிரி இருக்க" என்றாள் மகள். கேலியாகத்தான் சொன்னாள். நாங்கள் சொல்லாத ஒன்றை இவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

என்னையும் மகனையும் முதலில் ஏற்றினார்கள். பாரம் சமமாக இருக்கவேண்டும் என்று ராட்டினத்தைப் பாதி சுற்றி நிறுத்தி, மனைவியையும் மகளையும் நேர் எதிர்ப் பெட்டியில் ஏற்றினார்கள். நாங்கள் மேலே போகும்போது அவர்கள் கீழே இருப்பார்கள். பெட்டியின் குறுக்கே ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு கொக்கி. கொக்கி தேய்ந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, பெட்டில நாலு பேரு உக்காரலாம்னு அந்த அண்ணன் சொன்னாரே. நம்ம ஏன் ரெண்டு ரெண்டு பேரா?"

"காத்து வரும்ல, அதான்."

"அம்மாவுக்கு அக்காவைத்தான் பிடிக்குமா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். சக்கரம் வேகம் எடுத்ததில் அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சுற்றி முடித்து ராட்டினம் நின்றபோது நாங்கள் உச்சியில் இருந்தோம். கீழே நிற்கிற பெட்டியைத்தான் முதலில் திறப்பார்கள். அது எதிர்ப் பெட்டி. மகன் எட்டிப் பார்த்தான். அவனுடைய அம்மா இறங்கி, அக்காவைக் கையைப் பிடித்து இறக்கி, கூட்டத்துக்குள் நடப்பது அவனுக்குத் தெரிந்தது.

"அம்மா போறாங்கப்பா. நம்மள விட்டுட்டுப் போறாங்க."

எழுந்துவிட்டான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்து அம்மா, அம்மா என்று கூப்பிட்டான். பெட்டி முன்பக்கம் சரிந்தது. கொக்கி கழன்று கம்பி அவனோடு சேர்ந்து வெளியே போனது. எனக்கு அகப்பட்டது அவனுடைய டவுசரின் பின்பட்டி. அதைப் பிடித்து இழுத்தேன். அவன் என் மடியில் வந்து விழுந்தான். பெட்டி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது. கீழேயிருந்து யாரோ, "ஏலே உக்காருலே, உக்காரு" என்று கத்தினார்கள். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனை அப்படியே இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பெட்டி தரைக்கு வந்தபோது மனைவி அங்கே நின்றாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அழவில்லை. மகனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூட்டை மாதிரி கனத்தவனைப் பொருட்காட்சி வாசல்வரை இறக்காமல் தூக்கி வந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற சீட்டில் நாலு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

"ஒரே பெட்டில இருந்திருந்தா இவன் எந்திரிச்சிருக்க மாட்டான்ல?" என்று அன்று இரவு கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஒரு பெட்டிக்கு எத்தனை பேர் என்று அவள் எங்கேயும் கேட்கவில்லை.

எனக்கு இன்னும் சரியாகவில்லை. ஆபீசில் லேபிள் கட்டை எடுக்கும்போது விரல்கள் தாமாக இறுகிக்கொள்கின்றன.

தீபாவளி முடிந்து அச்சாபீசில் வேலை குறைந்த சமயம், மதுரைப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்குப் போனோம். போகலாம் என்று சொன்னது மனைவிதான். பிள்ளைகளுக்குப் பயம் தங்கிவிடக் கூடாது என்றாள். அங்கே வளைந்து போகிற கால்வாயில் வட்டமான ரப்பர் படகுகள் மிதந்தன. தண்ணீர் இடுப்பளவுதான். இந்தமுறை அவள் எதையும் விசாரிக்கவில்லை. முதல் ஆளாக இறங்கிப் படகில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வாங்க, நாலு பேரும் ஒண்ணாப் போவோம்."

மகன் ஒரு கால் எடுத்து வைத்தான். மகள் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா."

"ஏன்டீ? எம்புட்டு எடம் இருக்கு, பாரு."

"எடம் இருக்கும்மா. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காராதீங்க. யாராவது ஒரு ஆளு எறங்கி இங்கிட்டு வாங்க."

மகளின் குரலில் அடமோ அழுகையோ இல்லை. பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். என் மனைவியின் கைகள் நீட்டியபடியே இருந்தன.

"யாரு, அக்கா? அம்மாவா, அப்பாவா?" என்று மகன் கேட்டான்.

படகு நகராமல் அங்கே வேலை பார்க்கிற ஆள் அதைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.