பாலத்துச் சோளகம்

அந்தக் காலத்தில் விடிய வாசிகசாலைக்கு முன்னால் நின்றவர்கள் இவர்கள். பஸ் கண்டக்டர் அண்ணை. விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவர் அவர்தான். தான் ஓடமாட்டார், சைக்கிளில் பின்னால் வருவார், வாயில் விசில் இருக்கும். சங்கக்கடையில் அரிசி நிறுக்கிறவர். சைக்கிள் கடைக்காரன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கில் கடை எரிந்து, குடும்பத்தோடு ஊருக்கு வந்த பொடியன். கடைசியாக நான்.

நான் தோட்டக்காரன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தும் மண்வெட்டி பிடித்தும் தோள் அகன்றுவிட்டது. ஓடுகிறவனுக்கு அந்தத் தோள் தேவையில்லை.

எங்கள் புங்குடுதீவில் கழகம் என்றால் பந்தடிக்கிறவர்கள்தான். ஓடுகிறது நாங்கள் நாலு பேர் மட்டும். றோட்டால் போகிற சனம் கேட்கும்.

“ஆரடா துரத்துறான்?”

“உன்ரை மாமியார்,” என்று சைக்கிள் கடைக்காரன் ஓடிக்கொண்டே சொல்லுவான்.

ஒவ்வொரு நாளும் விடிய வேலணைப் பக்கம் போகிற பாலத்தைத் தாண்டி ஓடி, திரும்பி வருவோம். பாலம் என்று நாங்கள் சொல்வது கடலுக்குள்ளால் போட்ட தெரு. இரண்டு பக்கமும் தண்ணீர், ஒரு மரம் கிடையாது. தென்மேற்கால் சோளகம் வீசுகிற மாதங்களில் போகும்போது காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அறையும். சைக்கிள்காரர் உழக்க ஏலாமல் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள்.

அதற்குக் கண்டக்டர் அண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். பாலத்து ஓரத்தில் சம தூரத்துக்கு ஒன்றாக ஏழு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார். முதல் கல்லு வேலணைப் பக்கத்தில் பாலம் தொடங்குகிற இடத்தில். ஏழாம் கல்லுக்குப் பிறகும் ஒரு கல்லுத் தூரம் பாலம் இருக்கும். அங்கிருந்து நாங்கள் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக ஓடவேண்டும். முன்னால் ஓடுகிறவர் காற்றை உடைப்பார். அடுத்த வெள்ளைக் கல்லு வந்ததும் அவர் விலகிக் கடைசிக்குப் போவார், பின்னால் நின்றவர் முன்னுக்கு வருவார். கல்லுக்குக் கல்லு ஆள் மாறும். இதுதான் எங்கள் வழக்கம்.

எனக்குப் பின்னால் ஓட எல்லாருக்கும் விருப்பம். எனக்கு அந்தச் சுகம் கிடைத்ததில்லை. மற்ற மூன்று பேரும் ஒல்லி. அவர்களுக்குப் பின்னால் நின்றால் என் தோள் இரண்டும் வெளியில் நிற்கும்.

பொடியன் வந்த அன்றே எங்களைவிட நன்றாக ஓடினான். தெற்கில் பெரிய பள்ளிக்கூடத்தில் ஓடிப் பழகினவன். கால் நிலத்தில் படுகிற சத்தமே கேட்காது. அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றதைத்தான் என்னால் பார்க்க ஏலாமல் இருந்தது. சங்கக்கடைக்காரர் ஓட்டம் முடிய அவனுக்கு முட்டைக்கோப்பி கொண்டுவந்து கொடுப்பார். ஐந்து வருசமாக அவரோடு ஓடுகிறேன். எனக்கு வெறும் கோப்பியும் தந்ததில்லை. சைக்கிள் கடைக்காரன் பொடியனுடைய பழைய சைக்கிளைக் காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தான். வழியில் பெண்டுகள் மறித்து, “சாப்பிட்டனியோ ராசா?” என்று கேட்பார்கள்.

“பாவம், எல்லாத்தையும் விட்டுட்டு வந்த பிள்ளை,” என்பார் கண்டக்டர் அண்ணை.

பாவம்தான். எனக்கு எரிகிறதுக்கு ஒரு கடை இருக்கவில்லை.

வருசத்துக்கு ஒருக்கா ஊர்களுக்கு இடையில் போட்டி. வேலணைப் பக்கத்தில் தொடங்கி, பாலத்தைத் தாண்டி, எங்கள் வாசிகசாலையடியில் முடியும். முதலாவதாக வருகிறவரின் கழகத்துக்குக் கப். அவருடைய பேரை ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள், அது தோட்டவெளி வரைக்கும் கேட்கும். மூன்று வருசம் ஓடினேன். மூன்று வருசமும் அடுத்த ஊர்த் தபால்காரன் முதலாவது, நான் இரண்டாவது. இரண்டாவது பேரைச் சொல்லும்போது சனம் சோடாவுக்குப் போய்விடும். ஒருக்கா முதலாவதாக என் பேர் கேட்கவேண்டும். வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை.

போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் கண்டக்டர் அண்ணை எங்களைக் கூப்பிட்டார்.

“நாளைக்குக் கல்லுக்குக் கல்லு மாறுற கதையில்லை,” என்றார். என்னைப் பார்த்தார். “ஏழு கல்லுக்கும் நீர்தான் முன்னுக்கு. பொடியன் உம்மடை முதுகுக்குப் பின்னாலை வரட்டும். பாலம் முடிய அவனை விடும். அவன் பறப்பான்.”

“அப்ப நான்?”

“கப் கழகத்துக்குத்தானே. ஆர் எடுத்தாலென்ன?”

அவர் என் முதுகில் தட்டினார்.

“உமக்குக் கடவுள் அலுமாரி மாதிரி முதுகு தந்திருக்கிறார். சும்மாவோ தந்தவர்?”

எல்லாரும் சிரித்தார்கள். பொடியனும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் சோளகம் நல்லாய் எழும்பியிருந்தது. பாலத்தில் கடல் தண்ணீர் தெருவுக்கு மேலால் தெறித்தது. முதல் கல்லில் நான் முன்னால் போனேன். பொடியன் என் முதுகோடு ஒட்டினான். எங்கள் மற்ற இரண்டு பேரும் இரண்டாம் கல்லோடு பின்தங்கினார்கள். தபால்காரன் எங்களுக்குப் பக்கத்தில் தனியக் காற்றில் ஓடினான். நாலாம் கல்லில் அவனுடைய மூச்சுச் சத்தம் கேட்டது. ஐந்தாம் கல்லில் கேட்கவில்லை.

பிறகு காற்று மட்டும்தான். குனிந்து ஓடினேன். கண்ணுக்குள் உப்பு. பின்னால் பொடியனுடைய கால் சத்தம் கேட்காது என்று சொன்னேனே. அதுதான் எனக்கு இன்னும் விசர் ஏற்றியது. இரண்டு பேருடைய ஓட்டத்தையும் நான் ஒருத்தனே ஓடுகிறதுபோல இருந்தது. பாலம் முடிய இவன் பறப்பான். என்னுடைய முதுகில் இருந்து பறப்பான்.

ஏழாம் கல்லு வந்தது. நான் விலகினேன்.

கல்லுக்குக் கல்லு ஆள் மாறுவது எங்கள் வழக்கம். வழக்கத்தைத்தான் செய்தேன்.

பின்னால் சைக்கிளில் இருந்து விசில் கேட்டது. நான் திரும்பவில்லை. பொடியன் என்னை ஒருக்கால் பார்த்தான், முன்னுக்குப் போனான். காற்று அவனுடைய சட்டையைப் பிடித்து ஊதிவிட்டது. ஆள் முருங்கைத்தடி. அவனுக்குப் பின்னால் நின்றதில் என் மூக்கு மட்டும் காற்றுக்குத் தப்பியது. கொஞ்சத் தூரம் நன்றாகத்தான் போனான். பிறகு தலை ஆடியது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பாலத்து முடிவில் நான் அவனைத் தாண்டினேன். வாசிகசாலையடிக்கு முதலாவதாக வந்தேன். அவன் இரண்டாவதாக வந்து மண்ணில் குந்தி, ஓங்காளித்துச் சத்தி எடுத்தான்.

ஒலிபெருக்கியில் முதலாவதாக என் பேரைச் சொன்னார்கள். சனம் கை தட்டியது. நல்லாய்த்தான் இருந்தது.

பிறகு கண்டக்டர் அண்ணை ஒலிவாங்கியை வாங்கினார்.

“இரண்டாவதாய் வந்த தம்பி வெல்லவேண்டிய ஆள். நான் பின்னாலை சைக்கிளிலை வந்து கண்ணாலை கண்டனான். கடைசிக் கல்லிலை முன்னுக்கு ஓடின அண்ணை களைச்சுப்போனார் எண்டு கண்டு, தான் முன்னுக்குப் போய்க் காத்தை மறைச்சு, அவரை வெல்ல விட்டவன். எல்லாம் இழந்து வந்த பிள்ளைக்கு இப்பிடி ஒரு மனசு.”

கதிரையில் இருந்தவர்களும் எழும்பித் தட்டினார்கள். சோடாவுக்கு ஒருத்தரும் போகவில்லை. சங்கக்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த நாள் விடிய, மற்றவர்கள் வர முந்தி, நான் பொடியனிடம் கேட்டேன்.

“நீர் என்னை வெல்ல விட்டனீரோ?”

“இல்லை அண்ணை. எனக்கு ஏலாமல் போச்சு.” கீழே பார்த்தான். “ஒரு கல்லுக்கே மூச்சுப் போச்சு. நீங்கள் எப்பிடி அவ்வளவும் உடைச்சனீங்கள்?”

அவன் பொய் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது. நான் நேரே கண்டக்டர் அண்ணையிடம் போனேன்.

“அவனையே கேளுங்கோ. தனக்கு ஏலாமல் போனதெண்டு சொல்லுறான்.”

“அவன் அப்பிடித்தான் சொல்லுவான்,” என்றார். “அதுதானே பெரிய மனசு.”

அதற்குப் பிறகு நான் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. அன்றைக்கும் ஓட்டம் முடிய முட்டைக்கோப்பி வந்தது. அவனுக்கு.

ஒன்றரை வருசத்தில் பொடியன் வெளிநாடு போனான். போட்டியும் நின்றுபோனது. பிறகு சண்டை தீவுக்குள் வந்தது, ஊர் முழுக்க வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். கண்டக்டர் அண்ணையும் அந்த வளவில்தான். தண்ணிக்கு வரிசையில் நிற்கும்போது எங்கள் ஊர்ச்சனம் என்னைக் காட்டித் தங்களுக்குள் சொல்லும். “அந்தப் பொடியன் வெல்ல விட்டது இவரைத்தான்.”

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமும் வெளிக்கிட்டது. நாவற்குழிப் பக்கம் தெரு முழுக்கச் சனம். மழை. ஒரு அடி நகராது. நான் சைக்கிளில் சாமான் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் கண்டக்டர் அண்ணை, வயது போய்விட்டது, என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முன்னால் ஒருத்தர் கோழிக்கூட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். தெரியாத ஆள். நிற்கிற நேரத்துக்கு ஏதாவது கதைக்கவேண்டுமே. கண்டக்டர் அண்ணை அந்தக் கதையை எடுத்தார். சுண்ணாம்புக் கல்லு, சோளகம், கடை எரிந்த பிள்ளை, எல்லாம் சொன்னார்.

“நீங்களோ அந்த முதலாவதாய் வந்த ஆள்?” என்று கோழிக்காரர் என்னைக் கேட்டார்.

“ஓம்.”

“அந்தப் பிள்ளை எத்தினை கல்லுக்குக் காத்தை மறைச்சது?”

“ஒரு கல்லுக்கு,” என்றார் கண்டக்டர் அண்ணை.

“ஒரு கல்லெண்டாலும் பெரிய விசயம்,” என்றார் கோழிக்காரர்.

மற்றக் கல்லுகளை அவர் கேட்கவில்லை. முன்னால் சனம் கொஞ்சம் நகர்ந்தது. நான் சைக்கிளைத் தள்ளினேன்.

ஆறு கல்லு.